ஷிஃப்ட் முடிந்ததும் முக்தி: ஓசூர் அன்பர்களுக்கு ஒரு செயல்முறைக் கையேடு

இந்தக் கையேடு யாருக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிப்காட் ஒன்றிலோ இரண்டிலோ, சூளகிரியிலோ, குருபரப்பள்ளியிலோ, போச்சம்பள்ளிப் பக்கமோ உங்களுக்கு ஒரு கம்பெனியில் வேலை. காலையில் எழுந்ததும் மூச்சுப் பயிற்சி செய்கிறீர்கள். அல்லது செய்வதாக வீட்டில் நம்புகிறார்கள். போன பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போன இடத்தில் ‘நான் யார்?’ வாங்கினீர்கள். மெலிசான புத்தகம். திரும்பி வரும் பஸ் செங்கம் தாண்டுவதற்குள் படித்து முடித்துவிட்டீர்கள். ஊத்தங்கரை வருவதற்குள் யோசனை வந்துவிட்டது: இத்தனை வருஷம் செய்த யோகத்தோடு இந்த விசாரத்தையும் சேர்த்துச் செய்தால் வேலை சீக்கிரம் முடியுமே!

சேர்க்கலாம். சேர்த்தவர்கள் இருக்கிறார்கள். எப்படிச் சேர்ப்பது, எப்படிச் சேர்த்தால் இன்னும் நூறு ஜென்மம் தள்ளிப்போகும் என்ற இரண்டையும் கீழே கலந்தே கொடுத்திருக்கிறேன். பிரித்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

முதல் வேலையாக, அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருக்கும் ராஜினாமா கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். ஞானத்துக்கு நோட்டீஸ் பீரியட் கிடையாது, எச்.ஆர். கையெழுத்தும் வேண்டாம். இதற்கு ஆதாரம் இருக்கிறது. 1900 வாக்கில் திருவண்ணாமலை நகராட்சியில் கம்பீரம் சேஷய்யர் என்று ஓர் ஓவர்சீயர் இருந்தார். ஓவர்சீயர் என்றால் ரோடும் சாக்கடையும் பார்க்கிற உத்தியோகம். நம்ம ஊர்ப் பேச்சில் மெயின்டனன்ஸ். மனுஷர் விவேகானந்தரின் ராஜயோகம் படித்துக்கொண்டிருந்தார். புரியாத இடங்களை விருபாட்ச குகையில் இருந்த ஓர் இளைஞரிடம் கொண்டுபோய்க் கேட்டார். இளைஞருக்கு இருபதை ஒட்டிய வயது. வாய் திறந்து பேசுவதில்லை. பதில்களைச் சீட்டுகளில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டுகள்தான் பிற்பாடு ‘விசார சங்கிரகம்’ ஆயின. 1902-ல் தென்னார்க்காடு ரெவின்யூ இலாகாவில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை டூட்டி விஷயமாக அந்த ஊருக்கு வந்தவர், மலையேறிப்போய் அதே இளைஞரிடம் கேட்ட கேள்விகள் ‘நான் யார்?’ ஆயின. அச்சேறியது 1923-ல். இளைஞர், 1896 செப்டம்பர் 1 அன்று மதுரையிலிருந்து வீட்டில் சொல்லாமல் வந்து சேர்ந்த வேங்கடராமன். பின்னாளில் ரமண மகரிஷி.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். ஆத்ம விசாரத்தின் அடிப்படை ஏடுகள் இரண்டும் மாதச் சம்பளக்காரர்கள் உத்தியோகத்துக்கு நடுவே கேட்ட கேள்விகள். கேட்ட இருவரும் குகையில் தங்கிவிடவில்லை. கேட்டுவிட்டு ஆபீஸ் போனார்கள். நம்ம தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, கவர்னர் ஜெனரல் வரைக்கும் எல்லா வேலையும் பார்த்தவர், உபநிஷதத்தைத் தமிழில் எழுத நேரம் கண்டுபிடித்தார். உங்களுக்கு ஓ.டி. இருக்கிறது என்கிறீர்கள். சரி.

அடுத்து, இந்தக் கலவையை நீங்கள்தான் கண்டுபிடித்ததாக நினைத்துக் காப்புரிமைக்கு மனுப்போட்டுவிடாதீர்கள். எல்லைக்கு அப்பால் சிருங்கேரி பீடத்தில் இருந்த வித்யாரண்யர் 14-ம் நூற்றாண்டிலேயே ‘ஜீவன்முக்தி விவேகம்’ எழுதி, ஞானம், வாசனைகள் தேய்வது, மனம் அழிவது மூன்றையும் சேர்த்தே பழகவேண்டும் என்று சொல்லியாயிற்று. இன்னும் கிட்டே வருவதானால், உங்கள் ஏரியா மனவளக்கலை மன்றத்துக்குப் போங்கள். கூடுவாஞ்சேரியில் 1911-ல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி, ஆக்கினை, சாந்தி, துரியம், துரியாதீதம் என்று தவங்களை அடுக்கி, அதன் பக்கத்திலேயே அகத்தாய்வு என்று ஒரு பாடமும் வைத்தார். எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று படிப்படியாகப் போய் ‘நான் யார்?’ என்பதில் வந்து நிற்கும் பாடம். சினம் தவிர்த்தலில், யார் யார் மேல் கோபம் வருகிறது என்று பட்டியல் போடச் சொல்வார்கள். ஓசூரில் அந்தப் பட்டியலின் முதல் பெயர் எந்தப் பதவியில் இருப்பவருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வேதாத்திரியின் ஆழியாறு வழியில் ‘நான் யார்?’ என்ற கேள்விக்கு ஒரு விளக்கம் கிடைக்கும்: இறைநிலை எப்படி அறிவாக விரிந்தது என்று படிப்படியாகச் சொல்வார்கள். ரமணரின் அருணாசல வழியில் கேள்விதான் கிடைக்கும், பதில் கிடையாது. பரீட்சை எழுதிப் பழகியவர்களுக்கு முதலாவது பிடிக்கும். அதில் தப்பில்லை. ஆனால் விளக்கத்தை மனப்பாடம் செய்துவிட்டு விசாரம் முடிந்தது என்று சொல்லக்கூடாது.

இனி நேரம். சாஸ்திரம் பிரம்ம முகூர்த்தத்தைச் சொல்கிறது. சூரியன் ஆறு மணிக்கு உதிப்பதாக வைத்துக்கொண்டால் 4.24 முதல் 5.12 வரை. ஏ ஷிஃப்டும் ஆறு மணிக்கு. கம்பெனி பஸ் உங்கள் ஸ்டாப்பில் ஐந்தேகாலுக்கு. ஆகவே பிரம்ம முகூர்த்தத்தில் நீங்கள் ஒரு காலில் சாக்ஸோடு டிபன் பாக்ஸ் மூடியைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். பி ஷிஃப்ட்காரர் அப்போதுதான் ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பார். சி ஷிஃப்ட்காரர் மெஷின் முன்னால் நின்றுகொண்டு, ஆறு எப்போது அடிக்கும் என்ற ஒன்றையே ஏகாக்கிர சித்தமாகத் தியானித்துக்கொண்டிருப்பார். மூவரில் உண்மையான ஒருமுகம் கூடியவர் அவர்தான். போதாக்குறைக்கு ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். மார்கழியில் நாலரை மணிக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் ‘இந்த உடம்பு நானல்ல’ என்ற வாக்கியத்தில் சந்தேகம் வந்துவிடும். எனவே நேரத்தை விடுங்கள். டைட்டன் கடிகாரம் செய்கிற ஊரில் நேரம் பார்க்காமல் உட்காருவது மண்ணுக்கு ஒத்துவராதுதான், இருந்தாலும் முயலுங்கள். குறிப்பாக, தியானத்தின்போது இதயத்துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். கண்ணை மூடிய மூன்றாம் நிமிஷம் ஒரு கண்ணைத் திறந்து 64-ஆ 58-ஆ என்று பார்ப்பது எந்த ஆசனத்திலும் சேர்த்தியில்லை.

இடம். லைன் வீட்டில் ஒரே அறையில் மூன்று பேர், மூன்று ஷிஃப்ட். ஒருவர் தியானத்துக்கு உட்காரும்போது ஒருவர் தூங்குவார், ஒருவர் முட்டை பொரிப்பார். பெண்கள் விடுதியென்றால் கேட்கவே வேண்டாம். புதிதாக வந்த எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்பிள்ளைகள் வரிசையில் நின்று பாத்ரூம் கிடைப்பதையே சமாதி நிலையாகக் கருதுகிறார்கள். ஒதுங்க இடம் வேண்டுமென்றால் சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயில் இருக்கிறது. ஈசன் உடும்பு வடிவெடுத்து ஓட, அம்மை துரத்திப் பிடித்த மலை என்று தலபுராணம் சொல்கிறது. பிடிபடாமல் ஓடுகிற ஒன்றைத் துரத்துவதற்குப் பொருத்தமான இடம்தான். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பண்ணை வீடுகளில் வார இறுதி முகாம் என்றும் சொல்வார்கள். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து காரில் வருகிறவர்களுக்கானது. சனிக்கிழமை காலை ‘நீங்கள் உடல் அல்ல’ என்று ஆரம்பித்து, ஞாயிறு மதியம் சான்றிதழில் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் அடித்துக் கொடுப்பார்கள்.

உணவுக்கு ஒரு வரி. மிதமான சாத்விக உணவு என்று ரமணரும் சொல்கிறார். மதியம் இரண்டு உருண்டை ராகிக் களியும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் கிடைக்கும் அமைதிக்கு வேறு பெயர்.

இப்போது முறைக்கு வருவோம். ‘விசார சங்கிரகத்தில்’ சேஷய்யருக்காக ரமணர் யோகத்தின் உள்ளேயே விசாரத்தை வைத்துக் கொடுக்கிறார். மூச்சை வெளியே விடுவதை, உடம்பை நான் என்று நினைப்பதை விடுவதாகக் கொள்ளவேண்டும். உள்ளே இழுப்பது, நான் யார் என்று தேடுவது. நிறுத்துவது, கண்ட இடத்தில் நிலைத்து நிற்பது. மூக்கு சம்பந்தப்பட்ட ரேசக பூரக கும்பகத்தை எடுத்து, முழுக்க அறிவு சம்பந்தப்பட்டதாக மாற்றிவிடுகிறார். சங்கரர் பெயரில் வழங்கும் ‘அபரோட்சானுபூதி’யிலும் இதே போக்கு உண்டு. கேட்டது யோகம்; கொடுத்தது விசாரம்; கேட்டவருக்கு மனவருத்தமும் இல்லை. ஓவர்சீயரிடம் எஸ்டிமேட்டை மாற்றி எழுதிக் கையெழுத்து வாங்குவது சாமானியப்பட்ட காரியமா?

நீங்கள் செய்யப்போகும் தவறு இங்கேதான் ஆரம்பமாகிறது. ‘ஓஹோ, வெளிமூச்சுக்கு ஒரு வசனம், உள்மூச்சுக்கு ஒரு வசனம்’ என்று எடுத்துக்கொண்டு, மூச்சுக்கு மூச்சு ‘நான் யார், நான் யார்’ என்று சொல்ல ஆரம்பிப்பீர்கள். அது ஜபம். நல்லதுதான், ஆனால் விசாரமில்லை. கேள்வியைச் சொல்லிக்கொண்டிருப்பவர் யார் என்று திரும்பிப் பார்த்தால் விசாரம். 1907-ல் காவியகண்ட கணபதி முனி வந்து, கோடிக்கணக்கில் ஜபம் செய்தும் தவம் என்னவென்று விளங்கவில்லை என்று நின்றபோது, மந்திர ஒலி எங்கிருந்து கிளம்புகிறதோ அங்கே கவனி என்ற மாதிரிதான் பதில் கிடைத்தது. ஜபத்தை நிறுத்தச் சொல்லவில்லை. கவனத்தைத் திருப்பச் சொன்னார். சேர்ப்பது என்பதன் முழு ரகசியமும் இவ்வளவே. இதற்கு மேல் யாராவது ஏழாம் நிலை, எட்டாம் நிலை என்று கட்டணம் கேட்டால், ரசீது கேளுங்கள்.

இது போதாது, கம்பெனியில் படித்ததை ஆன்மிகத்திலும் பயன்படுத்தியே தீரவேண்டும் என்று நினைக்கும் குவாலிட்டி டிபார்ட்மென்ட் அன்பர்களுக்காக ஒரு தனிப் பகுதி. டி.வி.எஸ். மோட்டார் 2002-லேயே ஜப்பானின் டெமிங் பரிசு வாங்கிய ஊர் இது. கைசன், ஃபைவ் எஸ், ஒய்-ஒய் அனாலிசிஸ் எல்லாம் இங்கே டீக்கடையில்கூடப் புழங்கும் சொற்கள். ஒரு குறை வந்தால் ஐந்து தடவை ஏன் என்று கேட்டு ஆணிவேரைப் பிடிக்கவேண்டும். படிவத்தை எடுங்கள்.

ஏன் கோபம் வந்தது? சூப்பர்வைசர் திட்டினார். ஏன் திட்டினார்? ரிஜெக்‌ஷன் அதிகம். திட்டினால் ஏன் கோபம் வரவேண்டும்? எல்லார் முன்னாலும் திட்டினார். எல்லார் முன்னாலும் திட்டினால் ஏன்? எனக்கு மரியாதை போகிறது. மரியாதை போவதாக ஏன் தோன்றுகிறது? ‘நான்’ என்று ஒருவன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான்.

பிரமாதம். ஐந்தாவது ஏனில் ஆணிவேர் அகப்பட்டுவிட்டது. உபநிஷதமே இவ்வளவு வேகமாக வரவில்லை. ஆனால் படிவம் இதோடு முடியாதே! அடுத்த கட்டம், திருத்த நடவடிக்கை: ‘நான்’ என்பதை நீக்குவது. இலக்குத் தேதி: மாதக் கடைசி. பொறுப்பு? பேனா அங்கேதான் நிற்கும். பொறுப்பு என்ற கட்டத்தில் யார் பெயரை எழுதுவீர்கள்? எழுதப்போகிறவரைத்தானே நீக்கவேண்டும்? திருடனே போலீஸ் உடுப்பு மாட்டிக்கொண்டு திருடனைத் தேடுகிற கதை என்று ரமணர் சொல்வது இந்தக் கட்டத்தைத்தான். யோகப் பயிற்சிகள் எல்லாவற்றிலும் இந்தப் போலீஸ்காரர் பத்திரமாக இருப்பார். ஆசனம் போடுவது அவர், மூச்சை எண்ணுவது அவர், ‘இன்று நன்றாக அமைந்தது’ என்று டைரி எழுதுவதும் அவரே. பயிற்சி கூடக்கூட அவருக்குப் பதவி உயர்வு. மூன்று வருஷம் தவம் செய்தவரிடம் ‘ரெண்டு வருஷமா?’ என்று கேட்டுப் பாருங்கள். முகம் போகிற போக்கில் தெரியும். விசாரம் ஒன்றில் மட்டும் அவருக்கு உத்தியோகம் இல்லை. அதனால்தான் அது அலுப்பாக இருக்கிறது. பத்து நிமிஷத்தில் எழுந்துபோய் மறுபடி மூச்சு எண்ணலாம் என்று தோன்றுகிறது.

அப்படியானால் மூச்சுப் பயிற்சி வீணா என்றால், இல்லை. அதன் இடம் எது என்று தெரிந்திருந்தால் போதும். மூச்சை அடக்கினால் மனம் அடங்கும். மூச்சு வெளியே வந்ததும் மனமும் வெளியே வந்துவிடும். ஆகவே அது துணை மட்டுமே என்று ‘நான் யார்?’ சொல்கிறது. அடியார் முருகனார் கேட்டுக்கொண்டதற்காக ரமணர் 1927-ல் எழுதிய முப்பது பாட்டு ‘உபதேச உந்தியார்’ இன்னும் கறாராக, மனம் ஒடுங்குவது வேறு, அழிவது வேறு என்று பிரித்துவிடுகிறது. ஒடுங்கியது மறுபடி எழும். இதற்கு ரமணர் ஒரு கதை சொல்வார். கங்கைக்கரையில் ஒரு யோகி. தாகம் எடுத்தது; சீடனைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். தண்ணீர் வருவதற்குள் சமாதியில் போய்விட்டார். எத்தனையோ காலம் போயிற்று. ராஜ்ஜியங்கள் மாறின, கங்கையே திசை மாறிற்று, சீடன் எலும்புகூட மிச்சமில்லை. யோகி கண் விழித்தார். முதல் வார்த்தை: ‘எங்கே தண்ணீர்?’

இந்தக் கதையை ஓசூருக்குக் கொண்டுவர அதிகம் உழைக்கத் தேவையில்லை. போனஸ் எவ்வளவு என்று பேசிக்கொண்டிருந்தவர் நாற்பது நிமிஷம் தவத்தில் உட்காருகிறார். முகத்தில் ஒளி. எழுந்து பாய் சுருட்டும்போது கேட்கிறார்: “அப்ப இருபது பர்சன்ட் கன்ஃபார்ம்தானே மாப்ள?”

சரி, எங்கேதான் சேர்ப்பது? கிண்டல் இல்லாமல் ஒன்று சொல்கிறேன், இது மட்டும் இந்தக் கையேட்டில் நிஜமான குறிப்பு. நாலரை மணிக்கு ஊதுபத்தி ஏற்றி உட்காரும்போது ‘நான்’ ரொம்ப சாதுவாக இருக்கும். அதைத் தேடினால் அகப்படாது, தூங்குகிற பூனை. அது முழு உருவத்தில் வெளியே வருவது, லைனில் எல்லார் முன்னாலும் பேச்சு வாங்கும்போது. கேட்டில் செக்யூரிட்டி உங்கள் சாப்பாட்டுப் பையை மட்டும் திறந்து கிளறும்போது. கூட வேலைக்குச் சேர்ந்தவன் பர்மனென்ட் ஆகி ஸ்வீட் பாக்ஸோடு வரும்போது. அந்த நேரத்தில் நெஞ்சில் குபீரென்று ஒன்று எழும்புகிறதே, அதைப் பார்க்கத்தான் விசாரம். ஆனால் அந்த நேரத்தில் நமக்குப் பார்க்கத் தோன்றாது, பதிலுக்குப் பேசத்தான் தோன்றும். இங்கேதான் மூச்சுப் பழக்கம் உதவும். தினமும் மூச்சைக் கவனித்துப் பழகியவருக்குத் திட்டுக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி கிடைக்கிறது. ஒரு மூச்சு அளவு. யோகம் அந்த இடைவெளியை வாங்கிக் கொடுக்கும். அதை எதற்குச் செலவழிப்பது என்பது விசாரம்: இது யாருக்கு வந்தது? அவ்வளவுதான் கலவை. வருஷக்கணக்கில் பிராணாயாமம் செய்து சேர்த்த அந்த ஒரு மூச்சு இடைவெளியில் இன்னும் கூர்மையான பதிலை யோசித்துச் சொல்கிறவர்களே அதிகம் என்பதும் உண்மை.

மிக முக்கியமான எச்சரிக்கை: ஓடுகிற மெஷின் முன்னால் விசாரம் கூடவே கூடாது. பவர் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் இறங்கும்படி வைத்திருப்பது ஒரு கை உள்ளே இருந்துவிடக் கூடாது என்பதற்காக. உற்பத்தி ஏறவேண்டும் என்று ஒரு பொத்தானைக் கட்டிவைத்து ஓட்டச் சொல்லும் பட்டறைகளும் உண்டு. அங்கே நின்றுகொண்டு ‘இந்தக் கை என்னுடையதா’ என்று ஆராயாதீர்கள். உங்களுடையதுதான். ட்ரெய்னியாக வந்து விரலை விட்டுவிட்டு ஊர் திரும்பிய பையன்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். உடம்பு நானல்ல என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது. சொல்கிற யாரையும் நம்பவும் மாட்டேன்.

பயிற்சி சற்று முற்றியதும் சிலருக்கு ‘செய்பவன் இல்லை’ நோய் வரும். அறிகுறிகள் கீழ்வருமாறு. “இந்த லாட் பூரா ரீவொர்க், யார்ப்பா பண்ணினது?” “செய்கிறவன்னு ஒருத்தன் கிடையாது சார், செயல் மட்டும்தான்.” போனில் கடன் கம்பெனி: “சார், இந்த மாச இ.எம்.ஐ. வரலையே?” “யாருக்குக் கடன்னு மொதல்ல பாருங்க.” வீட்டில்: “ஏங்க, எந்திரிங்க, பால் தீந்துபோச்சு.” “வாங்குறது யாரு, குடிக்கிறது யாரு...” “குடிக்கிறது உங்கம்மா. போய் வாங்கிட்டு வாங்க.” இந்த மூன்றாவது குரலை குருவாக ஏற்றுக்கொள்வது உத்தமம். வேறெந்த மார்க்கத்திலும் இவ்வளவு சீக்கிரம் ஆள் இறங்கிவருவதில்லை. ஒரு சோதனை சொல்கிறேன்: ‘செய்பவன் இல்லை’ என்பவரின் சம்பளம் இரண்டு நாள் தாமதமாகட்டும். வாங்குகிறவன் இருக்கிறானா இல்லையா என்று பார்த்துவிடலாம்.

இரண்டற்ற நிலை பற்றியும் கேட்பீர்கள். அதற்கு நம்மிடம் ஆய்வுக்கூடமே இருக்கிறது: மாநில எல்லையில், ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே. இந்தப் பக்க ராகிக்கும் அந்தப் பக்க ராகிக்கும் பேதம் தெரியாது. ஒரே தென்பெண்ணை அங்கிருந்து நுரை தள்ளிக்கொண்டு கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. ஆற்றுக்கு அத்வைதம் சித்தித்துவிட்டது, பெங்களூர்க் கழிவோடும் சேர்த்து. டி.என். 70 வண்டிகளும் கே.ஏ. 51 வண்டிகளும் ஒரே டிராஃபிக்கில் ஒரே மாதிரி நிற்கின்றன. ஆனால் 2016 செப்டம்பரிலும் 2023 செப்டம்பரிலும் காவிரி விவகாரம் முற்றியபோது, தமிழக பஸ்கள் ஜூஜூவாடியோடு நின்றுவிட்டன. பெட்டியும் குழந்தையுமாக ஜனங்கள் எல்லையை நடந்து கடந்தார்கள். தலையில் மூட்டையோடு நடந்த அந்த அம்மாவிடம் போய், கோடு என்பது கற்பனை தாயே என்று சொல்லியிருந்தால், மூட்டையை உங்கள் தலைக்கு மாற்றியிருப்பார். அதுவும் ஒருவகையில் சரியான உபதேசம்தான்.

கடைசியாக, ‘நான் யார்?’ என்ற கேள்வி எல்லாருக்கும் ஒரே மாதிரி இறங்காது. கான்ட்ராக்ட்டில் இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை செய்வது ஒரு கம்பெனி வாசலுக்குள். கழுத்தில் தொங்கும் அட்டையில் கான்ட்ராக்டர் பெயர். பி.எஃப். இன்னொரு பெயரில். ஆதார் முகவரி தர்மபுரியிலோ ஒடிசாவிலோ. பதினொன்றாம் மாதம் முடிந்தால் அட்டையும் மாறும். அவரைக் கூப்பிட்டு, நீ இந்தப் பெயர் அல்ல, இந்த ஊர் அல்ல, இந்த உத்தியோகம் அல்ல என்று உபதேசித்தால், ‘அதைத்தான் சார் ஹெச்.ஆர்.லயும் சொன்னாங்க’ என்பார். நேதி நேதியை அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். எல்லாம் இருக்கிறவர் எல்லாவற்றையும் கழித்துப் பார்ப்பது விசாரம். ஒன்றுமே கொடுக்காமல் வைத்திருந்து கழிக்கச் சொல்வது வேறு கணக்கு. அதைத் தியான வகுப்பில் தீர்க்க முடியாது, சம்பளப் பட்டியலில்தான் தீர்க்கவேண்டும். நிர்வாகம் செலவு செய்து ஸ்ட்ரெஸ் குறைக்க யோகா வகுப்பு வைத்தால் போய் உட்காருங்கள், முதுகுக்கு நல்லது. கூடவே பே ஸ்லிப்பும் கேளுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். எந்த சாஸ்திரமும் தடுக்கவில்லை.

கையேடு முடிந்தது. சி ஷிஃப்ட் முடித்து வந்து இதைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் இன்று எதையும் எதோடும் சேர்க்க வேண்டாம். ஜன்னலுக்கு ஒரு போர்வையை மாட்டிவிட்டு, போனை சைலன்ட்டில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். விசாரத்தைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம்.